படம் வரையவா ஆறாம் படிவம்?



ஒரு மாலை நேரம். பள்ளி விட்டு வந்து, பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என்னிடம் படித்த இரண்டு பெண்களின் தகப்பனார் நின்றிருந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கையிலிருந்த கடிதத்தை நீட்டினார்.

“என்னா டீச்சர் இது? சின்னவளுக்கு ஆறாம் படிவம் கெடைச்சிருக்கு. ஆர்ட்ஸ் எடுக்கப் போறாளாம். படம் வரையறதுக்கு எதுக்கு டீச்சர் ஆறாம் படிவம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“உள்ளே வாங்கண்ணே, தண்ணி கலக்குறேன். உக்காந்து பேசுவோம்” என்றேன்.

அன்று அவருடன் பேசியதையும், அதற்குப் பிறகு நடந்ததையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நான் ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கும் ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் பெற்று, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் பள்ளியின் பெயரில் தோட்டம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் இருந்த தோட்டம்தான் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

இந்த ஊரே அப்படி மாறியதுதான். அவசரகாலத்தில், 1950-களின் தொடக்கத்தில், இது செர்டாங் புதுக்கிராமமாக உருவானது. அக்கம்பக்கத்தில் ஈயச் சுரங்கம் இருந்தது. ஈயம் தோண்டிய பெரும் பள்ளம் இன்று மைன்ஸ் ஏரியாகி, கரையில் கடைத்தொகுதிகள் நிற்கின்றன. அருகில் இருக்கும் பல்கலைக்கழகமும் அப்படியே. 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகியது. 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது.

கடிதத்தோடு வந்தாரே, அந்த அண்ணன், அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு குத்தகைக்காரரிடம் புல் வெட்டும் வேலை செய்கிறார். அவர் மனைவி பாலகோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்குப் போகிறார். இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

அவர்களின் மூத்த மகள் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எஸ்பிஎம் தேர்வு எழுதினாள். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் எடுத்துப் படித்த பெண். இடைநிலைப்பள்ளியில் இந்தப் பாடங்களுக்கு வகுப்பு கிடைப்பதே பாடு. பள்ளி நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டும். அப்படிப் படித்து இரண்டிலும் ‘ஏ’ வாங்கினாள். வரலாற்றிலும் நல்ல புள்ளி. தேர்ச்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

“டீச்சர், நான் ஆறாம் படிவம் போய்த் தமிழ், வரலாறு படிக்கட்டுமா? அப்புறம் பல்கலைக்கழகத்துல தொடர்புத் துறை எடுக்கணும். வானொலியில செய்தி வாசிக்கணும்னு ஆசையா இருக்கு டீச்சர்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஆசையெல்லாம் சோறு போடாதும்மா. உங்க அப்பாவைப் பாரு. கணக்கியல் படி, உடனே ஆபீஸ் வேலை கெடைக்கும்” என்றேன்.

மறுபேச்சு இல்லை. ஏன் இருக்கப் போகிறது? அந்த வீட்டுக்குத் தெரிந்த படித்த ஆள் நான் ஒருத்திதான். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தகப்பனாரும் நம்பினார். ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமாவில் சேர்ந்தாள். பிடிபிடிஎன் கடன் எடுத்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோல்வி. திரும்ப எழுதினாள், திரும்பவும் தோல்வி. அந்தச் சமயம் பார்த்து அவள் தாய்க்கும் உடம்புக்கு முடியாமல் போயிற்று. மூன்றாம் பருவத்தின் நடுவில் படிப்பை விட்டுவிட்டாள். இன்று ஒரு பேரங்காடியில் பணம் வாங்கும் முகப்பில் நிற்கிறாள். முடிக்காத படிப்புக்கு வாங்கிய கடனை மாதா மாதம் கட்டி வருகிறாள்.

கணக்கியல் நல்ல படிப்பு. அதைப் படித்து முன்னுக்கு வந்த என் மாணவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது ஏற்றதா என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் கொண்டு வந்த தேர்ச்சித் தாளில் கணிதத்துக்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். நானும் ஒரு காலத்தில் அவளைப் போல் ஆசைப்பட்டவள்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் படிக்க வேண்டும் என்று கனவு கண்டேன். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். எனக்குக் கீழே மூன்று பேர். பயிற்சிக் கல்லூரிக்குப் போனால் படிக்கும்போதே மாதா மாதம் உதவித்தொகை கிடைக்கும் என்றார்கள். போனேன். அதற்காக வருந்தவில்லை, ஆசிரியை வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் வீட்டு நிலைமையில் நான் எடுத்த முடிவை, கேட்காமலே அந்தப் பெண்ணின் தலையிலும் கட்டிவிட்டேன். அதுதான் தவறு.

இப்போது சின்னவள் அதே ஆசையோடு நிற்கிறாள். தகப்பனார் அதே நாற்காலியில் உட்கார்ந்து, “நீங்க சொன்னா சரி டீச்சர்” என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கை நடுங்கியது. தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்:

“அண்ணே, இந்த முறை நான் சொல்லி முடிவு செய்ய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததை விசாரிச்சுச் சொல்றேன். முடிவு நீங்களும் அவளும் எடுங்க.”

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் அவர் கேட்ட கேள்வியைக் கேட்கும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர்.

கலைப் படிப்பு என்றால் படம் வரைவது மட்டும் அன்று. மொழி, இலக்கியம், வரலாறு, புவியியல், சமூகவியல், தொடர்புத் துறை எல்லாம் இதற்குள் அடக்கம். மனிதர் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஆராயும் படிப்பு. ‘அறிவியல் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, கலை மக்குப் பிள்ளைகளுக்கு’ என்று நெடுங்காலம் நம் பள்ளிகளில் ஒரு நினைப்பு இருந்தது. நான்காம் படிவத்தில் இருந்த அறிவியல், கலைப் பிரிவுகளைக் கல்வி அமைச்சு 2020-இல் எடுத்துவிட்டது. இப்போது பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கும் முறை நடக்கிறது. பிரிவு போய்விட்டது, நம் மனத்திலிருந்து அந்த நினைப்புத்தான் இன்னும் போகவில்லை.

அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டுப் படிப்பு. 2012 முதல் இது மூன்று பருவங்களாக நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு உண்டு. எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுதும் பழைய முறை இல்லை. பொதுப்பாடம் கட்டாயம். அதனுடன் வழக்கமாக மூன்று பாடங்கள் எடுப்பார்கள். தமிழ்மொழியை அதில் ஒன்றாக எடுக்கலாம், வரலாறும் எடுக்கலாம். பல்கலைக்கழகம் போக முயேட் என்னும் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். தனியார் கல்லூரிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஆறாம் படிவத்துக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

எஸ்டிபிஎம்மில் நல்ல தேர்ச்சி பெற்றால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் ஆவதற்கான பட்டப்படிப்பு உண்டு. நம் ஊருக்குப் பக்கத்திலேயே, புத்ரா பல்கலைக்கழகத்தில், நவீன மொழிகளுக்கும் தொடர்புத் துறைக்கும் ஒரு தனிப்புலம் இயங்குகிறது.

இதைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தக் கட்டடமா டீச்சர்? அதுக்கு முன்னால நான் எத்தனையோ தடவை புல்லு வெட்டியிருக்கேன். உள்ளே என்னா சொல்லிக் குடுக்கிறாங்கன்னு தெரியாது.”

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. “அடுத்த சனிக்கிழமை லீவு போட முடியுமாண்ணே? மலாயாப் பல்கலைக்கழகத்தையும் ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாம். சின்னவளையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்றேன்.

சொன்னபடி சனிக்கிழமை காலை மூவரும் புறப்பட்டோம். செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினோம். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பூமாலைக் கடைகளையும் புடவைக் கடைகளையும் பார்த்தபடி நடந்து, ஒரு கடையில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். பிறகு எல்ஆர்டி ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். விடுமுறை நாள் என்பதால் வளாகம் அமைதியாக இருந்தது. பெரிய மரங்கள். அண்ணன் முதலில் புல்லைத்தான் பார்த்தார். “நல்லா வெட்டியிருக்கானுங்க” என்றார். சின்னவள் சிரித்தாள்.

மரத்தடியில் இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். நம் வாசகர்களில் வயதானவர்களுக்கு அது நினைவிருக்கும். இளையவர்களுக்குத் தெரியவேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கு முதலிடமா என்ற கேள்வி வந்தது. இந்த நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழிக்குத்தான் அங்கே முதலிடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். குரல் கொடுத்ததோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஒரு நிதி திரட்டினார். அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க வேண்டும், நல்ல நூலகம் அமைய வேண்டும் என்பதற்காக.

அந்த நிதிக்கு யார் கொடுத்தார்கள்? நகரத்து வணிகர்களும் கொடுத்தார்கள். அதோடு, தோட்டம் தோட்டமாகப் பால்மரம் வெட்டிய தொழிலாளர்களும் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று அவர்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். ஒரு நாள் கூலியே சில வெள்ளிதான் என்றிருந்த காலம் அது! கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிப்பார்கள் என்ற நிச்சயமும் அவர்களுக்குக் கிடையாது. இருந்தும் கொடுத்தார்கள்.

1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1961 முதல் சில ஆண்டுகள் அதற்குத் தலைவராக இருந்தவர் தனிநாயகம் அடிகள். இலங்கைத் தமிழர், கத்தோலிக்கப் பாதிரியார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் நடந்தது அவர் முயற்சியால்தான். தொடங்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அதே துறையில் விரிவுரையாளராக இருந்த இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், ஏடுகள் எவை எவை என்று தேடித்தேடிப் பட்டியலிட்டார். 1969-இல் அது நூலாக வந்தது. அந்த உழைப்பு இல்லையென்றால் நம்மவர் எழுதிய பல புத்தகங்களின் பெயர்கூட இன்று நமக்குத் தெரிந்திராது.

அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“அப்போ எங்க தாத்தா காலத்து ஆளுங்க காசு இதுல இருக்குங்கிறீங்களா?”

“இருக்குண்ணே.”

“எங்க தாத்தா குடுத்தாரோ இல்லையோ தெரியாது. குடுத்திருப்பாரு. யாரு கேட்டாலும் குடுத்துட்டு, வீட்டுல பாட்டிகிட்ட ஏச்சு வாங்குவாராம்.”

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: “எல்லாம் சரி டீச்சர். படிச்சு முடிச்சா வேலை?”

வாசகர்களே, இந்தக் கேள்வியை யாரும் இளக்காரமாக நினைக்கக் கூடாது. மாத முடிவில் வாடகையும் அரிசியும் பார்க்கும் வீட்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். அதனால் அவருக்குப் பூசி மெழுகாமல் பதில் சொன்னேன்.

கலைப் பட்டம் வாங்கியவுடன் வேலை வாசலில் வந்து நிற்காது. மருத்துவம் படித்தவர் மருத்துவர் என்பதுபோல, இந்தப் பட்டத்துக்கு இதுதான் வேலை என்ற நேர்கோடு இங்கே இல்லை. பத்திரிகை வேலை என்றால், 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழே 2019-இல் மூடப்பட்டுவிட்டது. வானொலியில் செய்தி வாசிக்கும் நாற்காலிகள் மிகக் கொஞ்சம். இதைச் சொல்லாமல் மறைத்தால், மூத்தவளுக்குச் செய்ததையே வேறு விதமாகச் சின்னவளுக்கும் செய்தவளாவேன்.

அதேசமயம் வழிகளும் இருக்கின்றன. ஆசிரியர் வேலை உண்டு. நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, அவள் சொல்வதைச் சரியாக எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே! அரசாங்கத்தில் நிர்வாக, அரசதந்திரச் சேவை அதிகாரி வேலைக்கு எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். நிறுவனங்களில் விளம்பரம், மக்கள் தொடர்பு, ஆள் நிர்வாகம் ஆகியவற்றுக்கும் இப்படிப் படித்தவர்களை எடுக்கிறார்கள். ஆனால் மலாயும் ஆங்கிலமும் கைவசம் இருக்க வேண்டும். தமிழை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சின்னவளைப் பார்த்து இதை அழுத்தமாகவே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆங்கிலம் அவளுக்குச் சிரமம், அவளுக்கே தெரியும்.

பிறகு, வேலைக்கும் அப்பால் ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943-இல் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிட அதிகமாக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். நம் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் மிகப் பலர். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது? ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை எழுதினார். அதைப் போன்ற எழுத்துகள் இல்லையென்றால், லயத்து வாசலில் பாட்டிமார் சொன்ன கதையோடு அது முடிந்திருக்கும்.

நம் கதையை நாம் படித்து, ஆராய்ந்து, எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? 2015-இல் ‘ஜகாட்’ என்ற படம் வந்தது. சஞ்சை குமார் பெருமாள் இயக்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் சிறுவனைப் பற்றிய கதை. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு பெற்றது. நம் வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப்படம் நாட்டின் படமாக நின்றது! அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திரும்பும் வழியில் ரயிலில் அண்ணன் அதிகம் பேசவில்லை. செர்டாங்கில் இறங்கியதும் சொன்னார்: “சேரட்டும் டீச்சர். ஆனா ஒண்ணு. ஒவ்வொரு பருவமும் மார்க்கை நான் பார்ப்பேன். எனக்குப் புரியலேன்னா நீங்க படிச்சுச் சொல்லணும்.” நான் சரி என்றேன்.

இத்துடன் கட்டுரையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னொன்று நடந்தது.

சில நாள் கழித்துப் பேரங்காடியில் மூத்தவளைப் பார்த்தேன். முகப்பில் கூட்டமில்லை. நான் வாங்கிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டபடியே கேட்டாள்:

“தங்கச்சியை மலாயாப் பல்கலைக்கழகம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனீங்களாமே டீச்சர்?”

“ஆமாம்மா.”

“அப்பா ஒரு வாரமா அந்த ஒரு வெள்ளிக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு.” பையைக் கட்டி என் கையில் கொடுத்தாள். “அந்தக் கதையை அன்னைக்கு எனக்கும் சொல்லியிருக்கலாம் டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தப்புப் பண்ணிட்டேம்மா” என்றேன். எனக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டது. அவள் அடுத்தவரின் பொருள்களை எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அவளுக்கு வயது இன்னும் இருபத்தைந்துகூட ஆகவில்லை. எஸ்டிபிஎம் தேர்வைத் தனியாகப் பதிந்தும் எழுதலாம். வேலை செய்துகொண்டே படிக்கும் வழிகளும் உண்டு. அந்த விவரங்களை எழுதித் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன். இதுவரை பதில் வரவில்லை. நான் வற்புறுத்தப் போவதில்லை. கேட்டு வந்தால் உட்கார்ந்து சொல்வேன்.

சின்னவள் முதல் பருவம் முடித்துவிட்டாள். தமிழிலும் வரலாற்றிலும் நன்றாக வந்திருக்கிறாள். பொதுப்பாடம் சுமார். முயேட் தேர்வுக்கு வாரம் இரண்டு மாலை என் வீட்டில் ஆங்கிலம் படிக்கிறோம். படிக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்; எனக்கும் அது பாதி மறந்துவிட்டது. அண்ணன் சொன்னபடியே தேர்ச்சித் தாளைக் கொண்டு வந்து காட்டினார். “வேலை கெடைக்குமா டீச்சர்?” என்று இப்போதும் கேட்கிறார். “கெடைக்கும்” என்று முன்போல் நான் சட்டென்று சொல்வதில்லை. “முயற்சி பண்றா அண்ணே, நாமும் கூட நிப்போம்” என்கிறேன்.

பெற்றோர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை ஒரு படிப்பைக் கேட்டால், முதலில் அதன் தேர்ச்சித் தாளை எடுத்துப் பாருங்கள். எந்தப் பாடத்தில் கை ஓடுகிறது என்று அதிலேயே தெரியும். தனியார் கல்லூரிக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தப் படிப்புக்கு எம்கியூஏ அங்கீகாரம் உண்டா என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடன் எடுக்குமுன், படிப்பை நடுவில் விட்டாலும் கடனைக் கட்டியே ஆக வேண்டும் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு; அதையும் விசாரியுங்கள். ஒரே ஓர் ஆசிரியர் சொன்னார் என்பதற்காக, அது நானாகவே இருந்தாலும், உடனே முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துப் பிள்ளைக்கு நம் வாய்ச்சொல் சட்டம் மாதிரி. நம் பயத்தை அதன் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் மகனோ மகளோ வந்து, “அப்பா, நான் ஆர்ட்ஸ் படிக்கிறேன்” என்று சொல்லக்கூடும். “படம் வரையவா?” என்று தாராளமாகக் கேளுங்கள். அதில் தவறே இல்லை. கேட்டுவிட்டு, அது சொல்லும் பதிலையும் உட்கார்ந்து கேளுங்கள்.